ரிப்பேர் ஆகி வந்த சின்தசைசரில் நான்கு பழுதுகள்: ஒரு நிகழ்வு ஆய்வு

மேசைக்கு வந்தது 1980களின் நடுவில் செய்யப்பட்ட ஒரு அனலாக் சின்தசைசர். 61 கட்டைகள், ஆறு வாய்ஸ் (ஒரே நேரத்தில் ஆறு ஸ்வரங்கள் ஒலிக்கும்), மற்ற கருவிகளோடும் கணினியோடும் ஸ்வரத் தகவலைப் பரிமாறிக்கொள்ளும் மிடி வசதி உண்டு. கட்டையை எவ்வளவு வேகமாக அழுத்துகிறோம் என்பதைக் கணக்கில் எடுக்காத பழைய ரகம். லேசான இரைச்சல் என்று ஏற்கெனவே ஒரு இடத்தில் ரிப்பேருக்குக் கொடுத்து வாங்கியிருந்தார்கள். அங்கே மூன்று வேலைகள் நடந்திருக்கின்றன: பவர் சப்ளையிலும் மெயின் போர்டிலும் பழைய கெபாசிட்டர்களை மாற்றியது, கட்டைகளுக்கு அடியில் உள்ள கான்டாக்ட்களைச் சுத்தம் செய்தது, மெமரி பேட்டரியை மாற்றியது.

ஒரு குறையோடு போன கருவி நான்கு குறைகளோடு திரும்பியது. வாசிப்பவர் சொன்னது இப்படி: சில கட்டைகள் பேசுவதே இல்லை. வாசித்துக்கொண்டே இருக்கும்போது நடுநடுவே ஒரு ஸ்வரம் மட்டும் தொண்டை கட்டியது போல வருகிறது. வீட்டில் நன்றாக இருக்கிறது, மேடைக்குப் போனால் சுருதி இறங்குகிறது. சேமித்து வைத்த டோன்கள் ஒவ்வொரு முறை ஆஃப் செய்யும்போதும் போய்விடுகின்றன.

யாரும் கை வைக்காத பழைய கருவியில் பழுது மெதுவாக வரும். இன்று ஒரு ஸ்லைடர் கரகரக்கும், அடுத்த வருடம் ஒரு கெபாசிட்டர் காயும். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நான்கு குறைகள் ஒரே வாரத்தில் முளைத்தால் அதற்கு வயது காரணமல்ல. கருவியைத் திறந்து மூடியதற்கு இடையில் நடந்த ஏதோதான் காரணம். அதனால் சர்க்யூட் வரைபடத்தை விரிப்பதற்கு முன்னால், முந்தைய கை எங்கெல்லாம் போயிருக்கிறது என்று பார்ப்பது என் வழக்கம். புதிய சால்டர் பழையதைவிடப் பளபளப்பாக இருக்கும். அதைச் சுற்றி, சால்டர் ஒட்ட உதவும் பிசினான ஃபிளக்ஸ் தேன் நிறத்தில் உறைந்திருக்கும். ஸ்க்ரூவின் தலை தேய்ந்திருக்கும், ரிப்பன் கேபிளின் மடிப்பு மாறியிருக்கும். செல்போனில் ஒரு படம் எடுத்து, புதிய இடங்களையெல்லாம் அதிலேயே வட்டமிட்டுக்கொண்டேன்.

முன்னால் வேலை பார்த்தவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. போட்ட கெபாசிட்டர்கள் நல்ல தரமானவை, 105 டிகிரி தாங்குபவை. பிளஸ் மைனஸ் ஒன்றுகூட மாறவில்லை. வோல்டேஜை ஒரே அளவில் நிறுத்தும் ரெகுலேட்டர்களுக்கும், அவற்றின் சூட்டை வாங்கும் ஹீட்சிங்க்குக்கும் இடையில் மைக்கா தகடு அதன் இடத்திலேயே இருந்தது. இந்தத் தகட்டை மறந்துவிடுவது பலருக்கும் நடப்பதுதான். பிளஸ் 15 வோல்ட் தரும் ரெகுலேட்டரான 7815-இன் உலோக முதுகு கிரவுண்டோடு சேர்ந்தது, ஆனால் மைனஸ் 15 தரும் 7915-இன் முதுகு அதன் உள்ளீட்டோடு சேர்ந்தது. இரண்டையும் ஒரே ஹீட்சிங்க்கில் நேராக முடுக்கினால் மைனஸ் பக்கம் அப்படியே ஷார்ட் ஆகி ஃபியூஸ் போய்விடும். இரண்டுக்கும் கால்களின் வரிசையும் வேறு. இதெல்லாம் சரியாக இருந்தது என்றால் விஷயம் தெரிந்த ஆள்தான் வேலை செய்திருக்கிறார்.

ஆன் செய்து மீட்டரை வைத்தேன். 15.0, மைனஸ் 15.0, 5.0 வோல்ட். மூன்றும் சுத்தம். இந்த 15.0-ஐ நம்பி மேலே போயிருந்தால் மூன்றாவது பழுது கடைசிவரை கிடைத்திருக்காது. அதைப் பிறகு சொல்கிறேன்.

பழுது எதோடு போகிறது

இப்படிப் பல குறைகள் கலந்து வரும்போது ஒவ்வொன்றிடமும் நான் முதலில் கேட்பது ஒரே கேள்வி: நீ எதோடு போகிறாய்? சில பழுதுகள் குறிப்பிட்ட கட்டையோடு போகும். சில எண்ணிக்கையோடு போகும், எந்தக் கட்டை என்பது அதற்குப் பொருட்டில்லை. சில சூட்டோடு போகும், சில மின்சாரத்தோடு. இது தெரிந்துவிட்டால் போர்டில் முக்கால்வாசியைப் பார்க்க வேண்டியதே இல்லை.

மிடி உள்ள கருவியில் முதல் பிரிவு சுலபம். வெளியிலிருந்து மிடி வழியாக ஸ்வரங்களை அனுப்பிப் பார்த்தேன். 61 ஸ்வரங்களும் ஒலித்தன. ஆகவே ஊமைக் கட்டைகளின் பழுது கட்டைக்கும் பிராசஸருக்கும் இடையில் இருக்கிறது. தொண்டை கட்டிய ஸ்வரம் மிடி வழியாக அனுப்பும்போதும் அப்படியே வந்தது, அது பிராசஸருக்கு அப்பால். இரண்டும் வேறு வேறு என்பது ஒரு கேபிளைச் செருகியதிலேயே முடிவாகிவிட்டது.

ஊமைக் கட்டைகள்

எந்தெந்தக் கட்டைகள் என்று கேட்டதற்கு, "டி, எஃப் ஷார்ப், ஏ ஷார்ப், ஆனா எல்லா ஆக்டேவ்லயும் இல்ல" என்றார் உரிமையாளர். காதால் கேட்டால் இதில் ஒழுங்கு எதுவும் தெரியாது. முதல் ஆக்டேவில் டி-யும் ஏ ஷார்ப்பும் இல்லை, இரண்டாவதில் எஃப் ஷார்ப் மட்டும் இல்லை, மூன்றாவதில் மறுபடி டி-யும் ஏ ஷார்ப்பும். கருவியின் மிடி அவுட்டைக் கணினியில் மாட்டி, எல்லாக் கட்டைகளையும் வரிசையாக அழுத்தி, எந்த எண்கள் வரவில்லை என்று பார்த்தேன். 61 கட்டை போர்டில் எண்கள் 36-இல் தொடங்கி 96-இல் முடியும். வராதவை 38, 46, 54, 62, 70, 78, 86, 94. எட்டு எட்டாகத் தாவுகிறது.

காரணம், 61 கட்டைகளுக்கு 61 ஒயர் இழுப்பதில்லை. எட்டுக்கு எட்டு என்ற கட்டத்தில் அடுக்கி, 16 கோடுகளில் முடித்துவிடுகிறார்கள். இந்தக் கருவியில் அடுத்தடுத்த எட்டுக் கட்டைகள் ஒரு குழு. குழுவைத் தேர்ந்தெடுக்க எட்டுக் கோடுகள், குழுவுக்குள் எத்தனையாவது கட்டை என்று படிக்க எட்டுக் கோடுகள். பிராசஸர் ஒவ்வொரு குழுவாகக் கூப்பிட்டு யார் அழுந்தியிருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே போகும். குழுக் கோடு அறுந்தால் பக்கத்துப் பக்கத்து எட்டுக் கட்டைகள் மொத்தமாகச் சாகும். படிக்கும் கோடு அறுந்தால் எட்டுக்கு ஒன்று சாகும். ஒரே ஒரு கட்டை மட்டும் பேசவில்லை என்றால் அந்தக் கட்டையின் கார்பன் கான்டாக்ட், அல்லது மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் அதன் டயோடு. சில கட்டைகளைச் சேர்த்து அழுத்தும்போது அழுத்தாத இன்னொன்றும் சேர்ந்து ஒலித்தால் எங்கோ ஒரு டயோடு ஷார்ட், ஒரே கட்டைக்கே அப்படி ஆனால் இரண்டு கோடுகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. இந்த நான்கையும் மனதில் வைத்துக்கொண்டால் கட்டைப் பழுதில் பெரும்பாலானவற்றை ஸ்க்ரூ டிரைவரைத் தொடாமலே சொல்லிவிடலாம். வேகம் உணரும் கட்டைகளில் ஒவ்வொன்றுக்கும் இரண்டு கான்டாக்ட்கள் இருப்பதால் கதை கொஞ்சம் நீளும்: ஒன்று மட்டும் அழுக்கானால் சில மாடல்களில் சத்தம் வராது, சிலவற்றில் எப்படித் தொட்டாலும் முழு பலத்தோடு அடிக்கும்.

நம் கருவியில் மூன்றாவது படிக்கும் கோடு. கட்டைப் போர்டையும் மெயின் போர்டையும் இணைக்கும் ரிப்பன் கேபிளில் அந்தக் கோட்டுக்கு மீட்டரை வைத்தால் பீப் அடித்தது. கேபிள் நன்றாகத்தான் இருக்கிறது என்று பலர் இங்கே விட்டுவிடுவார்கள். ஆனால் மேசைமேல் விரித்து வைத்திருக்கும்போது கேபிள் நேராக இருக்கிறது. மூடிய கருவிக்குள் அது கனெக்டருக்குப் பக்கத்திலேயே மடிந்துதான் உட்கார வேண்டும். மீட்டர் முனைகளை எடுக்காமல் கேபிளை அதன் பழைய மடிப்புக்குக் கொண்டுபோனதும் பீப் நின்றது. சுத்தம் செய்வதற்காகக் கட்டைகளை வெளியே எடுத்தபோது கேபிளைப் பிடித்து இழுத்திருக்கிறார்கள். உறைக்கு உள்ளே செம்பு அறுந்து, முனைகள் மட்டும் தொட்டுக்கொண்டிருந்தன. ஒரு சென்டிமீட்டர் வெட்டி, கனெக்டரைப் புதிதாக அழுத்திப் போட்டதோடு அந்த வேலை முடிந்தது.

ஆறாவது ஸ்வரம்

இந்தக் கேஸில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

வெவ்வேறு கட்டைகளை ஒவ்வொன்றாக அழுத்தி எண்ணிக்கொண்டே போனால், ஆறாவது அழுத்தில் சத்தம் மங்கி, அடியில் ஒரு கரகரப்போடு வந்தது. அடுத்து பன்னிரண்டாவது. எந்தக் கட்டையில் தொடங்கினாலும் ஆறுக்கு ஒன்று. ஆறு வாய்ஸ் உள்ள கருவி ஒவ்வொரு புதிய ஸ்வரத்தையும் அடுத்த வாய்ஸுக்கு முறை வைத்துக் கொடுப்பதால், இது ஒரு குறிப்பிட்ட வாய்ஸின் பழுது. சில கருவிகளில் ஒரே கட்டையைத் திரும்பத் திரும்ப அழுத்தினால் அதே வாய்ஸே திரும்ப வரும். அங்கே இந்தச் சோதனையை ஒரே கட்டையில் செய்தால் ஒன்றும் தெரியாது, கட்டையை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

ஒரு வாய்ஸ் மட்டும் கெட்டால் அந்த வாய்ஸின் சிப்பை மாற்றிவிடலாம் என்றுதான் கை பரபரக்கும். அதற்குக் காரணமும் உண்டு. 1984-இல் வந்த ரோலண்ட் ஜூனோ-106-இல் 80017ஏ என்ற வாய்ஸ் சிப்கள் வயதாகிப் போவது உலகறிந்த சங்கதி. அங்கேகூடப் பல சிப்களில் கெட்டது உள்ளே இருக்கும் பாகங்கள் அல்ல, மேலே பூசிய கறுப்புப் பூச்சு. அது காலப்போக்கில் மின்சாரத்தைக் கசியவிட ஆரம்பிக்கிறது. அசிட்டோனில் ஊறவைத்துப் பூச்சை உரித்தால் சிப் திரும்ப உயிர் பெறுவதுண்டு. கசிவு என்ற அந்தச் சொல்தான் இந்தக் கருவியிலும் வழி காட்டியது.

கரகரப்பைக் கவனித்துக் கேட்டேன். கீழ் ஸ்வரம் வாசித்தாலும் மேல் ஸ்வரம் வாசித்தாலும் கரகரப்பின் உயரம் மாறவில்லை. எப்போதும் நடு சி-க்குக் கீழே உள்ள ஜி-யை ஒட்டிய ஒரு உறுமல், சுமார் 200 ஹெர்ட்ஸ். ஜி-யில் வாசித்தால் அது ஸ்வரத்துக்குள் ஒளிந்துகொள்ளும், ஜி ஷார்ப்பில் வாசித்தால் பல்லைக் கூசவைக்கும். ஆசிலேட்டரில் கோளாறு என்றால் ஸ்வரத்தோடு சேர்ந்து அதுவும் ஏறி இறங்கியிருக்கும். ஸ்வரத்தைப் பற்றிக் கவலைப்படாமல் வினாடிக்கு 200 முறை எது நடக்கிறது?

இந்தக் காலத்துக் கருவிகளில் பிராசஸர் ஒரே ஒரு டிஜிட்டல்-அனலாக் மாற்றியை வைத்துக்கொண்டு எல்லா வாய்ஸ்களின் எல்லா அமைப்புகளுக்கும் வோல்டேஜ் கொடுக்கும். 4051 போன்ற ஒரு ஸ்விட்ச் ஐசி வழியாக ஒவ்வொரு இடமாகப் போய், அங்கே இருக்கும் சின்னக் கெபாசிட்டரில் தேவையான வோல்டேஜை நிரப்பிவிட்டு அடுத்த இடத்துக்கு நகர்ந்துவிடும். அடுத்த சுற்று வரும்வரை அந்தக் கெபாசிட்டர் தன் வோல்டேஜைப் பிடித்து வைத்திருக்க வேண்டும். இந்தக் கருவியில் ஒரு சுற்று சுமார் 5 மில்லிசெகண்ட், அதாவது வினாடிக்கு 200 முறை. கணக்குச் சேர்ந்துவிட்டது. ஆறாவது வாய்ஸில், சத்தத்தின் கூர்மையைக் கூட்டிக் குறைக்கும் ஃபில்டருக்கான கெபாசிட்டர் சுற்றுக்கு இடையில் ஒழுகுகிறது. ஒழுகும்போது ஃபில்டர் மூடிக்கொள்கிறது, அதனால் சத்தம் மங்குகிறது. சுற்று வந்ததும் சட்டென்று திறக்கிறது, அதனால் உறுமல்.

இதை அளப்பதில் ஒரு பொறி இருக்கிறது. ஆசிலாஸ்கோப்பின் முனையை நேராக அந்தக் கெபாசிட்டரில் வைத்தால், நல்ல வாய்ஸும் ஒழுகுவது போலத்தான் தெரியும். சாதாரண பத்து மடங்கு புரோப்பின் தடை 10 மெகாஓம். கெபாசிட்டர் 10 நானோஃபாரட். இரண்டும் சேர்ந்தால் 5 மில்லிசெகண்டில் ஐந்து விழுக்காடு இறங்கிவிடும், புரோப்பே ஒரு பழுதாகிவிடுகிறது. அதனால் கெபாசிட்டருக்கு அடுத்து இருக்கும் ஆப்ஆம்ப் என்ற பெருக்கி ஐசியின் வெளியீட்டில் பார்க்க வேண்டும். ஐந்து வாய்ஸ்களில் நேர்கோடு. ஆறாவதில் ரம்பப் பல், கால் வோல்ட் உயரத்தில்.

ஒழுகுவதற்கு மூன்று பேர் மேல் சந்தேகம்: கெபாசிட்டர், ஆப்ஆம்ப், போர்டின் மேற்பரப்பு. ஆப்ஆம்ப் தொழிற்சாலையில் போட்ட டிஎல்084 அப்படியே இருந்தது. அதன் உள்ளீடு இழுக்கும் மின்னோட்டம் பிகோஆம்பியர் கணக்கில்தான். அங்கே ஒருவர் கையில் கிடைத்த சாதாரண ஆப்ஆம்ப்பைப் போட்டிருந்தால், ஓசையில் வித்தியாசம் தெரியாது என்று நினைத்துப் போட்டிருந்தால், இதே நோய் வந்திருக்கும். இங்கே அது நடக்கவில்லை. கெபாசிட்டரும் பழைய பிலிம் வகை, சால்டர் தொடப்படவே இல்லை.

ஆனால் படத்தில் வட்டமிட்ட ஒரு இடம் அதற்குப் பக்கத்திலேயே இருந்தது. மாற்றப்பட்ட எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர் ஒன்றின் கால்களிலிருந்து ஃபிளக்ஸ் வழிந்து, ஆறாவது வாய்ஸின் ட்ராக்குகள் மேல் கண்ணாடி போலப் படர்ந்து, தூசியையும் பிடித்து வைத்திருந்தது. சந்தேகத்தை உறுதி செய்ய விலையுயர்ந்த கருவி எதுவும் தேவைப்படவில்லை. ஆறாவது ஸ்வரத்தை ஒலிக்கவிட்டு, அந்த இடத்தில் வாயால் ஒருமுறை 'ஹா' என்று ஊதினேன். மூச்சின் ஈரம் பட்டதும் உறுமல் இரண்டு மடங்கானது, சத்தம் இன்னும் மங்கியது. ஹேர் டிரையரை மிதமான சூட்டில் காட்டினால் கரகரப்பு கரைந்து கிட்டத்தட்டக் காணாமல் போனது. ஈரத்தோடு ஏறி, காய்ந்தால் இறங்கும் பழுது மேற்பரப்பில்தான் இருக்க முடியும்.

ஐசோபிரைல் ஆல்கஹாலும் பல் துலக்கும் பிரஷும் போதும். ஆனால் ஒரே தடவை தேய்த்துவிட்டு விட்டால், ஃபிளக்ஸ் கரைந்து இன்னும் அகலமாகப் பரவி மெல்லிய படலமாகக் காய்ந்து நிற்கும். பார்க்கச் சுத்தம், வேலையில் முன்னைவிட மோசம். முதலில் கரைக்க ஒரு கழுவல், கரைந்ததை அடித்துக்கொண்டு போகப் புதிய ஆல்கஹாலில் இன்னொரு கழுவல், பஞ்சு படாத துணியில் ஒற்றி எடுப்பது, அப்புறம் நன்றாக உலரவிடுவது. மறுபடி ஸ்கோப்பில் பார்த்தால் ஆறு கோடுகளும் நேராக இருந்தன. ஒரு பாகம்கூட மாற்றவில்லை.

மேடையில் இறங்கும் சுருதி

வீட்டில் வராமல் மேடையில் மட்டும் வரும் பழுது என்றால் பொதுவாகச் சூடு, அதிர்வு, ஈரம் என்று நினைப்போம். இங்கே உரிமையாளர் சொன்ன இரண்டு விஷயங்கள் வேறு பக்கம் கை காட்டின. ஒன்று, ஆறு வாய்ஸும் சேர்ந்தே இறங்குகின்றன, ஒன்றுக்கொன்று சுருதி கலையவில்லை. ஒரு ஆசிலேட்டர் சூடாகி நகர்ந்தால் அது மட்டும் தனியாகப் போகும். எல்லாம் கைகோத்து இறங்கினால் எல்லாருக்கும் பொதுவான ஒன்று இறங்குகிறது. இரண்டு, இறங்கும்போது பழைய இரைச்சலும் லேசாகத் திரும்புகிறது.

ஒரு தடவை ஆஃப் செய்து ஆன் செய்தால் சரியாகிவிடுகிறது என்றும் சொன்னார். அது ஆளை ஏமாற்றும் தகவல். இந்த வகைக் கருவிகள் ஆன் ஆனதும் ஒவ்வொரு ஆசிலேட்டரையும் தாமே அளந்து சுருதி சேர்த்துக்கொள்ளும். இறங்கிய நிலையிலேயே ஆன் செய்தால் அந்த இறக்கத்தையும் சேர்த்துத் திருத்திவிடும். பழுது அப்படியே இருக்கும், சரியானது போலத் தெரியும்.

இந்த ஆசிலேட்டர்கள் ஒரு ஆக்டேவுக்கு ஒரு வோல்ட் என்ற கணக்கில் ஓடுபவை. ஒரு அரை ஸ்வரம் 83 மில்லிவோல்ட். அதை நூறாகப் பிரித்த சென்ட் ஒவ்வொன்றும் ஒரு மில்லிவோல்ட்டுக்கும் குறைவு. சுருதி சேர்க்கும் திருகு 15 வோல்ட்டிலிருந்து ஒரு வோல்ட் அளவுக்குப் பிரித்துக் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த 15 வோல்ட்டில் ஒன்றரை விழுக்காடு குறைந்தால் 15 மில்லிவோல்ட் போயிற்று, 18 சென்ட். கூட வாசிக்கும் யாரும் அதைப் பொறுத்துக்கொள்ள மாட்டார்கள்.

மேடைகளில் விளக்குகளும் ஆம்ப்ளிஃபயர்களும் ஒரே லைனில் தொங்குவதால் மின்சாரம் இறங்குவது சகஜம். கருவியை, மெயின்ஸ் வோல்டேஜைக் கூட்டிக் குறைக்க உதவும் வேரியாக்கில் மாட்டி 230 வோல்ட்டிலிருந்து மெதுவாகக் குறைத்தேன். 210-க்கு வந்ததும் சுருதி இறங்கியது, இரைச்சல் எட்டிப் பார்த்தது. பழுது மேசைக்கு வந்துவிட்டது. அதே நேரத்தில் மீட்டர் 15 வோல்ட் லைனில் காட்டியது 14.8. இதில்தான் வில்லங்கம். 7815-இன் டேட்டாஷீட்டே 14.4 முதல் 15.6 வரை சரி என்கிறது. 14.8-ஐப் பார்த்து யாரும் புருவம் தூக்க மாட்டார்கள்.

ஸ்கோப்பில் பார்த்தபோது கதை வேறு. பெரும்பாலான நேரம் 15-இல் நேராக ஓடிய கோடு, வினாடிக்கு நூறு முறை பள்ளத்தில் விழுந்து எழுந்துகொண்டிருந்தது. மீட்டர் அதன் சராசரியைத்தான் காட்டியது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தை முழு அலையாகத் திருத்தினால் வருவது 100 ஹெர்ட்ஸ், ஆகவே பள்ளம் ரெகுலேட்டருக்கு முன்னாலிருந்து வருகிறது. 7815 ஒழுங்காக வேலை செய்ய உள்ளே வரும் வோல்டேஜ் வெளியே போவதைவிடச் சுமார் 2 வோல்ட் கூடுதலாக எப்போதும் இருக்க வேண்டும். 17-க்குக் கீழே போனால் வெளியீடும் கூடவே இறங்கும்.

ரெகுலேட்டருக்கு முன்னால் இருந்த ஃபில்டர் கெபாசிட்டர் புத்தம் புதியது, 1000 மைக்ரோஃபாரட், 50 வோல்ட். போர்டில் அச்சிட்டிருந்தது 2200, 35 வோல்ட். உருவத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒரே பருமன், துளைகளுக்குச் சரியாகப் பொருந்தும். 50 என்று பெரிய எண்ணைப் பார்த்து மேலான சரக்கு என்று தோன்றியிருக்கலாம். வோல்டேஜ் கூடுதலாக இருப்பதில் தவறே இல்லை, கொள்ளளவு பாதியாகக் குறைந்ததுதான் தவறு.

கணக்குப் போட்டால் தெளிவாகிவிடும். இந்த லைன் இழுப்பது சுமார் அரை ஆம்பியர். ஒரு சிகரத்துக்கும் அடுத்த சிகரத்துக்கும் இடையில் 10 மில்லிசெகண்ட். அந்த நேரத்தில் 2200 மைக்ரோஃபாரட் 2.3 வோல்ட் இறங்கும், 1000 மைக்ரோஃபாரட் 5 வோல்ட் இறங்கும். 230-இல் சிகரம் 22.5 வோல்ட், ஐந்து இறங்கினால் 17.5, மயிரிழையில் தப்பிக்கிறது. 210-இல் சிகரம் 20.5, ஐந்து இறங்கினால் 15.5, ரெகுலேட்டர் கைவிட்டுவிடும். 2200 போட்டால் அதே 210-இல் 18.2, கவலையே இல்லை. பழைய கெபாசிட்டர் காய்ந்து இரைச்சல் வந்தது, புதியது போட்டதும் இரைச்சல் வீட்டில் நின்றது. போன வியாதி முழுதாகப் போகவில்லை, மின்சாரம் குறையும் இடத்தில் காத்திருந்தது.

இரண்டு லைனிலும் 2200 போட்டேன். அதுதான் சரி என்றால் 10,000 இன்னும் நல்லதுதானே என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம். காலியான பெரிய கெபாசிட்டரை ஆன் செய்யும் நொடியில் நிரப்ப டயோடுகளும் டிரான்ஸ்ஃபார்மரும் படும் பாடு அதிகம். தொழிற்சாலை போட்ட அளவுக்குப் பக்கத்தில் நிற்பதே உத்தமம்.

ஸ்கோப் இல்லாதவர்கள் மீட்டரை ஏசி ரேஞ்சில் வைத்து இந்தப் பள்ளத்தைப் பிடிக்கலாம். முனையோடு தொடராக ஒரு 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரைச் சேர்த்துக்கொண்டால் டிசி உள்ளே புகுந்து குழப்பாது. நல்ல ரெகுலேட்டருக்குப் பின்னால் சில மில்லிவோல்ட் காட்டும். நூற்றுக்கணக்கில் காட்டினால் ஏதோ சரியில்லை.

மறந்துபோகும் டோன்கள்

இது சீக்கிரம் முடிந்தது. மெமரி போவதில் இரண்டு வகை. எல்லாமே ஒட்டுமொத்தமாகக் குப்பையாகிவிட்டால் மெமரி ஐசிக்கு ஆஃப் நிலையில் மின்சாரம் போகவில்லை. பெரும்பாலானவை நன்றாக இருந்து சில மட்டும் சிதைந்தால், ஆஃப் ஆகும் கணத்தில் பிராசஸர் தடுமாறி எதையோ எழுதிவிடுகிறது, அப்போது ரீசெட் சர்க்யூட்டைப் பார்க்க வேண்டும். நமக்கு வந்தது முதல் வகை.

பேட்டரி சிஆர்2032, அதன் முனையில் 3 வோல்டுக்கும் மேல் இருந்தது. கருவியை ஆஃப் செய்துவிட்டு மெமரி ஐசியின் சப்ளை காலில் அளந்தால் சுழியம். நடுவில் ஒரு டயோடும் ஒரு தடையும் மட்டுமே. டயோடின் காலிலேயே எதுவும் வரவில்லை. பேட்டரி முனையின் சால்டர் கீழ்ப் பக்கத்தில் பளிச்சென்று, சொல்லிக்கொடுக்கும் படத்தில் இருப்பதைப் போல இருந்தது. பிரச்சினை மேல் பக்கத்தில். இரண்டு பக்கமும் ட்ராக் உள்ள போர்டில் துளையின் உள்சுவரில் மெல்லிய செம்புக் குழாய் இருக்கும், அதுதான் மேலையும் கீழையும் இணைக்கிறது. பழைய பேட்டரியின் தடித்த தகட்டுக் காலைப் போதிய சூடில்லாமல் பிடுங்கியபோது அந்தக் குழாயும் அதோடு வந்துவிட்டது. பேட்டரி ஹோல்டரைச் சற்றே சாய்த்து லென்ஸில் பார்த்தால், துளையின் வாயில் செம்பு வளையம் இல்லை, பழுப்பு நிறப் பலகைதான் தெரிந்தது. கீழே எவ்வளவு அழகாகச் சால்டர் வைத்தாலும் மேல் ட்ராக்குக்கு வழியில்லை.

பேட்டரியின் பிளஸ் முனையிலிருந்து டயோடின் கால்வரை ஒரு மெல்லிய ஒயர். மெமரி ஐசியில் 2.6 வோல்ட் வந்தது, இந்த வகை மெமரிக்கு 2 வோல்ட் இருந்தாலே நினைவு தங்கும். தொடரில் இருக்கும் 1 கிலோஓம் தடையின் குறுக்கே மீட்டரை வைத்தால் 2 மில்லிவோல்ட், அதாவது 2 மைக்ரோஆம்பியர் ஓடுகிறது. பேட்டரியின் கொள்ளளவு 220 மில்லிஆம்பியர்-மணி அளவு என்பதால், காகிதக் கணக்கில் பத்து வருடம் தாண்டும். இந்த அளவீடு முக்கியம். நூறு மைக்ரோஆம்பியர் ஓடியிருந்தால் டோன்கள் இன்றைக்குத் தங்கும், மூன்று மாதத்தில் மறுபடி போகும், பேட்டரி மட்டம் என்று பழி பேட்டரிமேல் விழும்.

திருப்பிக் கொடுக்கும் முன்

கருவியை முழுதாக மூடி, எல்லா ஸ்க்ரூவையும் முடுக்கிய பிறகுதான் கடைசிச் சோதனை. ரிப்பன் கேபிளின் அறுந்த ஒயர் மடித்து மூடிய பிறகுதானே வேலையைக் காட்டியது. முதலில் கையால் 61 கட்டைகளையும் அழுத்தி மிடி எண்களைப் பார்த்தேன், ஒன்றும் விடுபடவில்லை. பிறகு வேரியாக்கை 210-இல் வைத்து, கணினியிலிருந்து 61 ஸ்வரங்களையும் கீழிருந்து மேலாக ஒவ்வொன்றாக, நிறுத்தாமல் சுற்றிச்சுற்றி அனுப்பினேன். இதில் ஒரு வசதி இருக்கிறது: 61-ஐ ஆறால் வகுத்தால் மீதி ஒன்று. அதனால் ஒவ்வொரு சுற்றிலும் அதே ஸ்வரம் அடுத்த வாய்ஸுக்குப் போகும். ஆறு சுற்று முடிந்தால் ஒவ்வொரு ஸ்வரத்தையும் ஒவ்வொரு வாய்ஸிலும் கேட்டாகிவிடும். மாலைவரை ஓடவிட்டேன். சுருதியும் நின்றது, உறுமலும் இல்லை, ஆஃப் செய்து மறுநாள் திறந்தபோது டோன்களும் இருந்தன.

"பழசுதானே சார், மிச்சம் இருக்கிற கெபாசிட்டரையும் ஒரேயடியா மாத்திடுங்களேன்" என்று உரிமையாளர் கேட்டார். மறுத்துவிட்டேன். அளந்த இடத்திலெல்லாம் அவை நன்றாக இருந்தன. இந்தப் போர்டின் செம்பு வளையங்கள் எவ்வளவு எளிதாகக் கழன்று வருகின்றன என்பதை பேட்டரித் துளை காட்டிவிட்டது. இன்னும் ஐம்பது துளைகளைச் சூடாக்கிப் பிடுங்கினால் அதில் எத்தனை உள்சுவர் மிஞ்சும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. ஒரு ஸ்லைடர் மட்டும் இன்னும் லேசாகக் கரகரக்கிறது. அதை அவரிடம் காட்டி, அதன் பாதை தேய்ந்திருப்பதால் சுத்தம் செய்து பயனில்லை, அதே அளவு ஸ்லைடர் கிடைத்தால் மாற்றலாம் என்று சொல்லி அனுப்பினேன். மாற்றிய பாகங்கள், போட்ட ஒயர், அளந்த வோல்டேஜ்கள் எல்லாவற்றையும் ஒரு தாளில் தேதியோடு எழுதி மூடியின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன்.